லூமாவுக்குப் போய்வந்த மாணவர்: அக்ரம் அசிமியின் விருது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2013-ஆம் ஆண்டின் 'யங் ஆஸ்திரேலியன் ஆஃப் தி இயர்' விருது பெர்த்தில் படித்துக்கொண்டிருந்த 25 வயது மாணவர் ஒருவருக்குக் கிடைத்தது. தொலைதூரப் பூர்வகுடிக் குடியிருப்புகளில் அவர் செய்த தன்னார்வப் பணி அதற்கு முக்கியமான காரணம். ஆஸ்திரேலியாவில் படிக்கும் நம் பிள்ளைகளும், அவர்களை அனுப்பிவிட்டு இங்கே இருக்கும் பெற்றோரும் இந்த விருது பற்றியும் இப்படிப்பட்ட பணி பற்றியும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. சில பதில்களில் என் அபிப்பிராயமும் கலந்திருக்கிறது.

யார் இந்த அக்ரம் அசிமி?

ஆப்கானிஸ்தானில் பிறந்தவர். 1999-இல், தலிபான் ஆட்சிக் காலத்தில், அகதியாக ஆஸ்திரேலியாவுக்கு வந்தார். பள்ளியில் ஆரம்பத்தில் யாரும் சேர்த்துக்கொள்ளாத பையனாக இருந்தவர், கடைசியில் அதே பள்ளியின் மாணவர் தலைவரானார். பிறகு மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் சட்டம், அறிவியல், கலை மூன்றையும் சேர்த்துப் படித்தார். விருது வந்தபோதும் படிப்பு முடியவில்லை.

விருது எதற்காக?

தனியாக ஒரு சாதனைக்காக இல்லை. கிம்பர்லி பகுதியில் உள்ள லூமா என்ற குடியிருப்பின் இளைஞர்களோடு அவர் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பழகி வழிகாட்டியாக இருந்தார். மேற்கு ஆஸ்திரேலியாவின் சிறிய விவசாய ஊர்களிலும் அதே வேலையைச் செய்தார். இவற்றை அவர் 'ட்ரூ புளூ டிரீமிங்' என்ற அமைப்போடு சேர்ந்து செய்தார். பல்கலைக்கழக மாணவர்களைத் தொலைவூர்ப் பிள்ளைகளோடு இணைத்துவிடும் அமைப்பு அது.

2011-இல் நண்பர் ஒருவரோடு சேர்ந்து 'ஐ ஆம் தி அதர்' என்ற மாணவர் முயற்சியையும் தொடங்கினார். பூர்வகுடி மக்களைப் பற்றிப் பல்கலைக்கழகத்துக்குள் ஆழமாகப் பேசவைப்பது அதன் நோக்கம். ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் வீரர் ஒருவருக்கும் வழிகாட்டியாக இருந்திருக்கிறார். இவற்றில் 'ஐ ஆம் தி அதர்' எனக்கு முக்கியமாகப் படுகிறது. கிராமத்துக்குப் போய் அங்கிருப்பவர்களை மாற்றப் பார்ப்பவர்கள் நிறையப் பேர் உண்டு. திரும்பி வந்து தன் வகுப்பில் இருப்பவர்களின் மனதை மாற்றப் பார்ப்பவர்கள் குறைவு.

லூமா எங்கே இருக்கிறது?

ஆஸ்திரேலியாவின் வடமேற்கு மூலையில், கிம்பர்லி பகுதியில், ஃபிட்ஸ்ராய் ஆற்றுப் பக்கம். அருகில் இருக்கும் டவுன் டெர்பி. அதற்கே நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். பெர்த்திலிருந்து சாலையில் போனால் 2,000 கிலோமீட்டருக்கும் அதிகம். கன்னியாகுமரியில் படிக்கும் ஒரு மாணவர் மத்தியப் பிரதேசத்தின் வட எல்லைவரை போய்த் தன்னார்வப் பணி செய்துவிட்டு வருவது போன்ற தூரம்.

கிம்பர்லியின் பரப்பு நான்கு லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல், அதாவது தமிழ்நாட்டைப்போல மூன்று மடங்கு. அங்கே வசிப்பவர்களோ நாற்பதாயிரம் பேர் அளவில்தான். அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் பூர்வகுடிகள். லூமாவில் சில நூறு பேர் இருக்கிறார்கள். நியிகினா, மங்களா, வல்மஜாரி மொழிகளைச் சேர்ந்த குடும்பங்கள்.

இரண்டு பருவங்கள் அங்கே வாழ்க்கையைத் தீர்மானிக்கின்றன. மே முதல் அக்டோபர் வரை வறட்சி, நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழை. மழை வலுத்தால் ஃபிட்ஸ்ராய் கரை புரண்டு சாலைகள் துண்டிக்கப்படும். 2023 ஜனவரி வெள்ளத்தில் ஃபிட்ஸ்ராய் கிராஸிங் ஊரின் பெரிய பாலமே போய்விட்டது. கடைக்குச் சரக்கு வருவது, நர்ஸ் வருவது, ஆசிரியர் வருவது எல்லாம் இந்தச் சாலையை நம்பித்தான். தன்னார்வலர் வருவதும் அப்படியே. "அடுத்த மாதம் வருகிறேன்" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் போவதற்கு முன் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

வழிகாட்டி என்றால் என்ன செய்வார்? டியூஷன் எடுப்பாரா?

பாடமும் சொல்லித்தரலாம், ஆனால் அது சின்னப் பகுதி. பந்து விளையாடுவது, ஆற்றங்கரைக்குப் போவது, சமைப்பது, பள்ளி முடிந்து என்ன செய்யலாம் என்று பேசிக்கொண்டிருப்பது, இவையெல்லாம் சேர்ந்ததுதான் இந்த வேலை.

தொலைவூர்ப் பள்ளிகளின் நிலைமையைச் சேர்த்துப் பார்த்தால் இது ஏன் பயன்படுகிறது என்று புரியும். நகரத்திலிருந்து வரும் ஆசிரியர்கள் ஓரிரு ஆண்டுகளில் மாற்றலாகிப் போய்விடுகிறார்கள். கிம்பர்லியில் பல பிள்ளைகள் வீட்டில் பேசுவது கிரியோல் (ஆங்கிலமும் பூர்வகுடி மொழிகளும் கலந்து உருவான மொழி) அல்லது தங்கள் மூதாதையர் மொழி. பள்ளியில் சந்திக்கும் ஆங்கிலம் இரண்டாவது மொழி, சிலருக்கு மூன்றாவதும்கூட. மேல்வகுப்புகளைத் தொடர வேண்டுமானால் பலர் ஊரை விட்டு டெர்பிக்கோ புரூமுக்கோ பெர்த்துக்கோ விடுதிக்குப் போக வேண்டும். பதினான்கு, பதினைந்து வயதில் பாட்டி, மாமா, சித்தி, ஆறு எல்லாவற்றையும் விட்டு 2,000 கிலோமீட்டர் தள்ளி இருப்பது எத்தனை பேரால் முடியும்? பாதியில் திரும்பிவிடுகிறவர்கள் உண்டு. பெர்த்தில் ஏற்கெனவே தெரிந்த முகம் ஒன்று இருப்பதும், பல்கலைக்கழகம் என்பது எப்படி இருக்கும் என்று முன்பே கேட்டு வைத்திருப்பதும் அப்போது உதவும்.

மூன்று ஆண்டுகள் என்பது இங்கே கவனிக்க வேண்டிய எண். ஒரு வாரம் வந்து, படம் எடுத்து, கண்கலங்கி, கிளம்பிவிடும் குழுக்களைத் தொலைவூர்ப் பிள்ளைகள் ஏராளமாகப் பார்த்தாயிற்று. மறுபடியும் அதே ஆள் வந்து இறங்கும்போதுதான் அவர்கள் பேச ஆரம்பிப்பார்கள்.

அகதியாக வந்தவருக்கு அங்கே என்ன வேலை? அவரும் வெளியாள்தானே?

ஆம், வெளியாள்தான். ஆனால் ஒதுக்கப்படுவது எப்படி இருக்கும் என்று பள்ளி மைதானத்திலேயே அனுபவித்தவர். தனக்கு இடம் கொடுத்த நாட்டுக்குத் திருப்பிச் செய்ய வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. அந்த நாட்டின் மூத்த குடிகள் யார் என்று கேட்டு அவர்களிடம் போனதுதான் அவரைத் தனித்துக் காட்டுகிறது. குடியேறி வருகிற நம்மவர்களில் பலருக்கு ஆஸ்திரேலியா என்றால் வெள்ளைக்காரர் நாடு. பத்து ஆண்டுகள் சிட்னியில் வீடு வாங்கி வாழ்ந்தும், ஒரு பூர்வகுடி மனிதரோடு உட்கார்ந்து டீ குடித்திராத தமிழ்க் குடும்பங்கள் உண்டு. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 8,12,728 பேர் தங்களைப் பூர்வகுடிகள் என்று பதிவுசெய்திருக்கிறார்கள். மொத்த மக்கள்தொகையில் அது 3.2 சதவீதம்.

உதவி செய்யப் போகிறவர்களைப் பூர்வகுடி மக்கள் சில சமயம் சந்தேகத்தோடு பார்ப்பதாகச் சொல்கிறார்களே, ஏன்?

ஏனென்றால் அவர்களுக்கு நடந்த பெரிய கொடுமைகளில் சில, உதவி என்ற பெயரில்தான் நடந்தன.

மேற்கு ஆஸ்திரேலியாவையே எடுத்துக்கொள்வோம். 1905-இல் வந்த சட்டம் ஒன்று, 16 வயதுக்குட்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகள் அனைவருக்கும் சட்டப்படியான பாதுகாவலராக 'தலைமைப் பாதுகாவலர்' என்ற அரசு அதிகாரியை நியமித்தது. தாய் உயிரோடு இருந்தாலும் பாதுகாவலர் அவர்தான். ஏ. ஓ. நெவில் என்பவர் 1915 முதல் 1940 வரை அந்த நாற்காலியில் இருந்தார். கலப்புப் பெற்றோருக்குப் பிறந்த பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து மூர் ரிவர் போன்ற முகாம்களில் வைத்து வளர்த்தார்கள். வீட்டு வேலைக்கும் பண்ணை வேலைக்கும் பழக்கினார்கள். அவர்களுடைய மொழியைப் பேசவிடவில்லை. பிள்ளைகளின் நன்மைக்காகத்தான் செய்கிறோம் என்றே எல்லாக் கோப்புகளிலும் எழுதினார்கள். அப்படிப் பறிக்கப்பட்ட தலைமுறைகளைப் பற்றிய விசாரணை அறிக்கை 1997-இல்தான் நாடாளுமன்றத்துக்கு வந்தது. 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார்.

இன்று லூமாவிலோ வேறு குடியிருப்பிலோ பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பாட்டிகளுக்கு இது வெறும் வரலாறு இல்லை, சொந்த அக்கா தங்கைகளின் கதை. எனவே காரிலிருந்து இறங்கி "உங்கள் பிள்ளைகளுக்கு நல்லது செய்ய வந்திருக்கிறேன்" என்று ஒரு இளைஞர் சொன்னால், பாட்டி முதலில் அவரை ஏற இறங்கப் பார்ப்பார். அந்தப் பார்வைக்கு வருத்தப்படுகிறவர்கள் இந்த வேலைக்குப் போகாமல் இருப்பது நல்லது.

அதே ஆண்டு வேறு யாருக்கெல்லாம் இந்த விருதுகள் கிடைத்தன?

யாரும் அதிகம் கேட்காத கேள்வி, ஆனால் எனக்குப் பிடித்த கேள்வி. தேசிய அளவில் நான்கு விருதுகள். முதன்மை விருது பத்திரிகையாளர் ஐடா பட்ரோஸுக்கு. இளையவர் விருது அசிமிக்கு. மூத்தோர் விருது மருத்துவப் பேராசிரியர் இயன் மேடக்ஸுக்கு. உள்ளூர் நாயகர் விருது பூர்வகுடியினர் ஒருவருக்கு. முந்தைய ஆண்டு, 2012-இல், மூத்தோர் விருதும் பூர்வகுடியினர் ஒருவருக்குத்தான் கிடைத்திருந்தது.

2012-இல் அந்த மூத்தோர் விருதைப் பெற்றவர் லாரி பேமரவாங்கா. வடக்கே ஆர்னம் லேண்ட் கரைக்கு அப்பால் இருக்கும் குரோக்கடைல் தீவுகளைச் சேர்ந்தவர். அப்போது அவருக்குத் தொண்ணூறு வயது தாண்டியிருந்தது. ஆங்கிலம் பேசாதவர். தன் மொழியான யான்-நாங்கு பேசுபவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துவிட்டதைப் பார்த்து, மானுடவியலாளர் பென்ட்லி ஜேம்ஸோடு சேர்ந்து 1993-இல் அகராதி வேலையைத் தொடங்கினார். தன் தலைமுறைக்குத் தெரிந்த மீன், காற்று, கடல் நீரோட்டம், இடப்பெயர் ஒவ்வொன்றையும் சொல்லி எழுதவைத்தார். நெடுநாள் வராமல் இருந்த நிலவாடகைப் பணம் ஒருவழியாகக் கையில் வந்தபோது, அதைத் தீவுகளின் கடலையும் ஆமைகளையும் காக்கும் ரேஞ்சர் பணிக்குக் கொடுத்துவிட்டார். 2014-இல் காலமானார்.

2013-இன் உள்ளூர் நாயகர் விருது ஷேன் பிலிப்ஸுக்கு. சிட்னியின் ரெட்ஃபெர்ன் பகுதிக்காரர். 'டிரைபல் வாரியர்' அமைப்பை நடத்தியவர். போலீஸ் கேஸில் சிக்கும் பையன்களை விடியற்காலையில் எழுப்பிக் குத்துச்சண்டைப் பயிற்சிக்கு அழைத்துப் போனார். அதே பயிற்சிக்குப் பகுதிப் போலீஸ்காரர்களையும் வரவழைத்தார். பையன்களும் போலீஸும் ஒரே பாயில் வியர்வை சிந்தினார்கள். ரெட்ஃபெர்னில் அதற்கு முன் இருந்த பகையைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும்.

மாணவரின் கதைதான் வெளியூர் செய்தித்தாள்களில் எளிதாக ஓடியது. அகதி, இளைஞர், மூன்று பட்டம் என்று அதில் எல்லாம் இருக்கிறது. ஆனால் பேமரவாங்காவையும் பிலிப்ஸையும் பக்கத்தில் நிறுத்திப் பார்க்காமல் அசிமியின் விருதைப் புரிந்துகொள்ள முடியாது. வெளியிலிருந்து போகும் ஒரு மாணவர் தோள் கொடுக்கலாம். வேலையின் முதுகெலும்பு எப்போதும் ஊருக்குள் இருப்பவர்கள்தான்.

இந்த விருதுக்கு எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்?

பொதுமக்கள் பரிந்துரைக்க வேண்டும், தன் பெயரைத் தானே கொடுக்க முடியாது. முதலில் மாநில அளவில் தேர்வு நடக்கும். மாநில வெற்றியாளர்களிலிருந்து தேசிய வெற்றியாளர் அறிவிக்கப்படுவார். இளையோர் பிரிவுக்கு வயது 16 முதல் 30 வரை. குடியுரிமை வேண்டும், மாணவர் விசாவில் இருப்பவர் தகுதி பெறமாட்டார்.

ஜனவரி 26-ஐ ஒட்டி இந்த விருதைக் கொடுப்பது சர்ச்சையாமே?

ஆம். 1788 ஜனவரி 26 அன்று பிரிட்டிஷ் கப்பல்கள் சிட்னித் துறையில் கொடி நாட்டிய நாள் ஆஸ்திரேலிய தினம். தேசிய விருதுகள் அதற்கு முந்தைய மாலை, 25-ஆம் தேதி, கான்பெராவில் அறிவிக்கப்படுகின்றன. பூர்வகுடி மக்களில் பலருக்கு ஜனவரி 26 படையெடுப்பு நாள். 1938-இல், 150-ஆம் ஆண்டைச் சிட்னி கொண்டாடிக்கொண்டிருந்தபோதே, பூர்வகுடித் தலைவர்கள் அங்கே கூடித் துக்க நாள் கடைப்பிடித்தார்கள். இன்றும் அந்தத் தேதியில் ஊர்வலங்கள் நடக்கின்றன.

இதனால் விருதை மறுக்க வேண்டும் என்று சொல்பவர்களும் உண்டு, மேடையைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்பவர்களும் உண்டு. குத்துச்சண்டை வீரர் லயனல் ரோஸ் 1968-இல் முதன்மை விருதைப் பெற்ற முதல் பூர்வகுடி மனிதர். ஓட்டக்காரர் கேத்தி ஃப்ரீமன் 1990-இல் இளையவர் விருதையும் 1998-இல் முதன்மை விருதையும் பெற்றார். 2014-இல் முதன்மை விருதைப் பெற்ற ஆஸ்திரேலிய வகைக் கால்பந்து வீரர் ஆடம் குட்ஸ், இனவெறிக்கு எதிராகப் பேசியதற்காக மைதானங்களில் பார்வையாளர்களின் கூச்சலைத் தாங்க வேண்டிவந்தது. மறு ஆண்டே விளையாட்டிலிருந்து விலகினார். விருது கொடுத்த நாடும் கூச்சல் போட்ட நாடும் ஒன்றுதான்.

மாணவர்கள் இப்படி ஈடுபடுவது புதிதா?

புதிதில்லை. 1965 பிப்ரவரியில் சிட்னி பல்கலைக்கழக மாணவர்கள் முப்பது பேர் அளவில் ஒரு பஸ்ஸை அமர்த்திக்கொண்டு நியூ சவுத் வேல்ஸின் உள்நாட்டு ஊர்களுக்குப் போனார்கள். தலைமை தாங்கிய சார்லஸ் பெர்கின்ஸ் பூர்வகுடி மாணவர். வால்கெட் ஊரில், முன்னாள் படைவீரர் சங்கம் பூர்வகுடிப் படைவீரர்களை உள்ளே விடவில்லை. அதை எதிர்த்து வாசலில் நின்றார்கள். மோரீ ஊரின் பொது நீச்சல் குளத்தில் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் நுழைவுச்சீட்டு கேட்டார்கள். தக்காளியும் முட்டையும் பறந்து வந்தன. தொலைக்காட்சியில் இதைப் பார்த்த நகரத்து மக்களுக்குத் தங்கள் நாட்டில் இப்படியெல்லாம் நடக்கிறதா என்று அதிர்ச்சி. பெர்கின்ஸ் மறு ஆண்டு பட்டம் பெற்றார், பிற்காலத்தில் மத்திய அரசின் துறை ஒன்றுக்குச் செயலாளரான முதல் பூர்வகுடி மனிதரானார்.

இன்னொரு உதாரணம் ஜாக் மேனிங் பேன்க்ராஃப்ட். பஞ்சலங் வழிவந்தவர். 2005-இல் சிட்னி பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது, பத்தொன்பது வயதில், 25 பல்கலைக்கழக மாணவர்களை ரெட்ஃபெர்ன் பகுதியின் 25 பூர்வகுடிப் பள்ளிப் பிள்ளைகளோடு இணைத்தார். 'எய்ம்' என்ற அந்த ஏற்பாடு பிறகு பல பல்கலைக்கழகங்களுக்குப் பரவியது. 2010-இல் அவருக்கு நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் இளையவர் விருது கிடைத்தது.

நான் மாணவர் விசாவில் இருக்கிறேன். நானும் போகலாமா?

போகலாம். படிப்புக் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை செய்யலாம் என்ற வரம்பு, உண்மையான தன்னார்வப் பணிக்குப் பொதுவாகப் பொருந்தாது. ஆனால் சம்பளம் கொடுத்து ஒருவரை வைத்துச் செய்யவேண்டிய வேலையை உங்களை வைத்து இலவசமாகச் செய்வித்தால் அது தன்னார்வப் பணி ஆகாது. சந்தேகம் இருந்தால் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் முதலில் கேளுங்கள்.

பிள்ளைகளோடு வேலை செய்வதற்கு அரசின் பின்னணிச் சோதனை அட்டை தேவை. தன்னார்வலர்களுக்கு அதன் கட்டணம் குறைவு. பூர்வகுடி நிலங்கள் பலவற்றுக்குள் நுழைய எழுத்துமூலமான அனுமதியும் வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவில் அரசுத் துறை வழியாகவும், வடக்குப் பிராந்தியத்தில் நில மன்றங்கள் வழியாகவும் பெறலாம். தனியாகக் கிளம்பாதீர்கள். அந்த ஊர் மன்றம் ஏற்கெனவே வரவேற்றுப் பழகிய அமைப்பு ஒன்றின் மூலம் போவதே சரி.

போன இடத்தில் எப்படி நடந்துகொள்வது?

மூத்தவர்களை அங்கே 'அங்கிள்', 'ஆன்ட்டி' என்றுதான் அழைக்கிறார்கள். நமக்குப் பழக்கமானதுதான். ஆனால் நீங்களாக அப்படிக் கூப்பிட ஆரம்பிக்காமல், மற்றவர்கள் அறிமுகம் செய்யும் விதத்தைப் பார்த்து அழையுங்கள்.

ஊரில் சாவு விழுந்தால் எல்லா வேலையும் நின்றுவிடும். சில நாட்களோ, சில வாரங்களோ ஆகலாம். நீங்கள் திட்டமிட்ட நிகழ்ச்சி அப்போது ரத்துதான், அதைப்பற்றி முனகக் கூடாது. இறந்தவரின் பெயரைச் சொல்வதையும் படத்தைக் காட்டுவதையும் பல சமூகங்கள் தவிர்க்கின்றன. அவர் இருக்கும் பழைய புகைப்படத்தை நீங்கள் எங்கும் போட்டுவிடக் கூடாது. ஆண்கள் மட்டும் போகும் இடம், பெண்கள் மட்டும் போகும் இடம் என்று உண்டு. யாரும் அழைக்காமல் மலைப்பக்கமோ நீர்நிலைப்பக்கமோ நடந்து போய்விடாதீர்கள். பல குடியிருப்புகளில் மது முற்றிலும் தடை, காரில் ஒரு பாட்டில் இருந்தாலும் குற்றம்.

கேள்வி கேட்டதும் பதில் வரவில்லையே என்று இன்னொரு கேள்வியைப் போடாதீர்கள். பேச்சுக்கு நடுவே மௌனம் சாதாரணம். கண்ணைப் பார்த்துப் பேசாமல் இருப்பது மரியாதையாகவும் இருக்கலாம்.

இது ரெஸ்யூமேக்கு உதவுமா?

உதவும். அதற்காகவே போகிறீர்கள் என்றால் பிள்ளைகள் இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பழைய துணி, புத்தகம் சேர்த்து அனுப்பலாமா?

கேட்காமல் அனுப்பாதீர்கள். கிம்பர்லிக்குச் சரக்கு அனுப்பும் செலவு, பல சமயம் பொருளின் மதிப்பை விட அதிகம். ஊர்ப் பள்ளியோ மன்றமோ குறிப்பிட்டுக் கேட்டால் மட்டும், கேட்டதை மட்டும், புதிதாக வாங்கி அனுப்புங்கள்.

விருதுக்குப் பிறகு தொலைவூர்களின் நிலைமை மாறியதா?

ஒரு மாணவரின் விருதால் மாறக்கூடிய நிலைமை இல்லை அது. 2014-இல், குடிநீர், மின்சாரம் போன்ற ஊராட்சிச் சேவைகளுக்குக் கொடுத்துவந்த நிதியை நிறுத்த மத்திய அரசு முடிவெடுத்தது. அப்போது மேற்கு ஆஸ்திரேலிய முதல்வர் காலின் பார்னெட், தொலைவூர்க் குடியிருப்புகளில் நூறு முதல் நூற்றைம்பது வரை மூட வேண்டிவரலாம் என்று சொன்னார். மறு ஆண்டு நாடெங்கும் எதிர்ப்புப் பேரணிகள் நடந்தன. மொத்தமாக மூடும் பேச்சு அடங்கியது, ஆனால் பயம் போகவில்லை. 2020-இல் பூர்வகுடி அமைப்புகளின் கூட்டணியும் எல்லா அரசுகளும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஒன்று வந்தது. கல்வி, உடல்நலம், சிறை ஆகியவற்றில் உள்ள இடைவெளியைக் குறைக்கும் முடிவுகளில் அவர்களையும் சேர்த்துக்கொள்வோம் என்ற வாக்கு அது. 2023 அக்டோபர் 14 அன்று, நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்லும் பூர்வகுடிக் குரலுக்கு அரசியல் சாசனத்தில் இடம் கொடுக்கலாமா என்ற பொதுவாக்கெடுப்பில் அறுபது சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள்.

லூமாவைச் சும்மா சுற்றிப்பார்க்கப் போகலாமா?

வேண்டாம், அது மக்கள் குடியிருக்கும் ஊர். கிம்பர்லியைப் பார்க்க ஆசை என்றால் டெர்பியையோ ஃபிட்ஸ்ராய் கிராஸிங்கையோ மையமாக வைத்துக்கொண்டு மே முதல் செப்டம்பருக்குள் போங்கள். ஃபிட்ஸ்ராய் கிராஸிங் அருகே இருக்கும் டங்கு பள்ளத்தாக்கும், டெர்பிக்குக் கிழக்கே இருக்கும் விண்ட்ஜானா பள்ளத்தாக்கும் புனுபா மக்களின் நிலம். 1890-களில் வெள்ளைக் குடியேறிகளை எதிர்த்துப் போரிட்ட ஜண்டமர்ராவின் கதையை அங்கேயே, அவருடைய மக்கள் வாயால் கேட்கலாம். புறப்படும் முன் சாலை திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.